வேகமும் திருத்தமும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்துருவம்)



பரீட்சைகளைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தபோது முதலில் தயங்கினேன். இச்சபையிலே பல்லாண்டு கற்பித்தவர்களும் விடைத்தாள் திருத்தியவர்களும் இருக்கிறார்கள். நானோ இன்னும் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும் மாணவன். ஆயினும் வைத்தியர் கூறுவது ஒன்று, நோய்ப்பட்டு எழுந்தவன் கூறுவது இன்னொன்று. இரண்டாமவன் என்ற நிலையிலேயே நான் பேசுகிறேன். குற்றமிருந்தால் பெரியோர் பொறுத்தருள்க.

நாம் எக்காரியத்தைத் தொடங்கினாலும் பிள்ளையாரை வணங்கித் தொடங்குகிறோம். நான் எடுத்துக்கொண்ட விடயத்துக்கும் அவருடைய கதையொன்றே வாசலாக அமைகின்றது. வியாசர் பாரதத்தைச் சொல்ல, விநாயகர் எழுதினார் என்பது நீங்கள் அறிந்த கதை. எழுத இசைந்த விநாயகர் ஒரு நிபந்தனை விதித்தார்: "இடையில் நிறுத்தாமற் சொல்லவேண்டும்." வியாசரும் ஒரு நிபந்தனை விதித்தார்: "பொருளை உணர்ந்த பின்னரே எழுதவேண்டும்." ஆகவே வியாசர் இடைக்கிடையே முடிச்சுள்ள சுலோகமொன்றைச் சொல்வார். விநாயகர் அதன் பொருளை ஆராய்ந்து ஒரு கணம் நிற்பார். அந்தக் கணத்தில் வியாசர் மேல்வருவனவற்றைச் சிந்தித்துக்கொள்வார். முதல் நிபந்தனை வேகம், இரண்டாவது திருத்தம். ஞானமே வடிவான பிள்ளையாரும் முடிச்சு வந்த இடத்தில் நின்றுதான் எழுதினார். நாமோ முடிச்சு எது, வெறுங்கயிறு எது என்று பாராமல் ஓடுகிறோம்.

என் கதையையும் மறையாமற் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் போட்டிப் பரீட்சையொன்றில் நுண்ணறிவு வினாத்தாள் எழுதினேன். வினாக்கள் எனக்குக் கடினமாகத் தோன்றவில்லை. மணி அடிக்கச் சில நிமிடங்கள் இருக்கையில் கடைசி வினாவுக்கு விடையைக் குறிக்கப் போனால், விடைத்தாளிலே ஒரு வரிசை மிஞ்சி நிற்கிறது! எங்கோ நடுவில் ஒரு வினாவை விட்டுச் சென்றவன் அதன் வரிசையை விடாமல் அடுத்த வினாவின் விடையை அங்கே குறித்துவிட்டேன். அன்று முதல் எல்லாம் ஒரு படி இடம் மாறிவிட்டன. அழித்தேன், எழுதினேன், கை நடுங்கியது. பாதி திருந்துமுன் தாளை வாங்கிக்கொண்டார்கள். பெறுபேறு வந்தது, என் பெயர் இல்லை. வீட்டில் எவரும் ஏசவில்லை. ஆனால் அயலவர் ஒருவர் என் காதுபட, "பெடியனுக்கு மூளை காணாது போல" என்றார். எனக்குக் குறைவாயிருந்தது மூளையன்று. விட்ட வினாவைத் தாளில் அடையாளமிட்டுச் செல்லும் சிறிய பழக்கமொன்றே. அன்றுதான் இந்த விடயத்தை ஒரு பாடமாகவே எடுத்துப் படிக்கத் தொடங்கினேன்.

வேகமும் திருத்தமும் ஒன்றோடொன்று இழுபறிப்படுவன. 1899ஆம் ஆண்டிலேயே ரொபேட் வூட்வேர்த் என்ற அமெரிக்க உளவியலாளர், கையின் அசைவு விரைய விரைய அதன் திருத்தம் குறைவதை அளந்து காட்டினார். கைக்கு உள்ள இவ்வியல்பு மனத்துக்கும் உண்டு. ஆகவே "வேகமாகச் செய், பிழையில்லாமற் செய்" என்று பிள்ளைக்குச் சொல்வதனால் மட்டும் பயனில்லை. எங்கே விரைவது, எங்கே நிற்பது என்று காட்டிக்கொடுக்க வேண்டும்.

முதலாவது நிற்கவேண்டிய இடம் வினாவை வாசிக்கும் இடம். தமிழ் மொழியில் வினாவின் உயிர் பெரும்பாலும் வாக்கியத்தின் ஈற்றிலேயே இருக்கின்றது. "தரப்பட்ட தகவல்களிலிருந்து பின்வரும் முடிவுகளுள் பெறமுடியாதது எது?" என்ற வினாவைப் பாருங்கள். "முடிவுகளுள்" என்பதுவரை வாசித்தவன் பெறக்கூடிய முடிவைத் தேடத் தொடங்கிவிடுவான். "முடியாதது" என்ற சொல் அவன் கண்ணிற் படுவதேயில்லை. ஈற்றுச் சொல்லின் கீழ் ஒரு கோடு இழுத்துவிட்டு விடைகளுக்குப் போகிறவன் இந்தப் பள்ளத்தில் விழமாட்டான். கோடிட ஒரு செக்கன் போதும்.

நம் இலக்கண ஆசிரியர்கள் கற்பித்த இடைச்சொற்களை வெறும் மனனப் பாடமென்று நாம் எண்ணுகிறோம். அவை நியாய வினாக்களின் திறவுகோல்கள். "பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாம்", "பட்டதாரிகளே விண்ணப்பிக்கலாம்", "பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம்" என்ற மூன்றும் மூன்று பொருள். ஏகாரம் மற்றவர்களைப் பிரித்து விலக்குகின்றது. உம்மை பிறரும் உண்டெனக் காட்டுகின்றது. முற்றும்மையிலும் ஒரு நுட்பமுண்டு. "எல்லாரும் வந்திலர்" என்றால் ஒருவரும் வரவில்லை என்பது மட்டுமன்றிச் சிலர் வந்தனர் என்றும் பொருள்படலாம் என்பதை இலக்கணம் அறிந்தவர் அறிவர். பரீட்சகர் ஒரு கூற்றில் ஏகாரத்தையும் மற்றொன்றில் உம்மையையும் வைப்பது அலங்காரத்துக்காகவன்று. விடை அங்கேதான் ஒளிந்திருக்கின்றது.

இரண்டாவது நிற்கவேண்டிய இடம், விடை தானாக ஓடிவந்து நிற்கும் இடம். இதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். இங்குள்ள தம்பிமாரும் தங்கைமாரும் மனத்துள் செய்து பாருங்கள். ஒரு கொப்பியும் ஒரு பென்சிலும் சேர்ந்து 220 ரூபா. கொப்பியின் விலை பென்சிலின் விலையிலும் 200 ரூபா கூட. பென்சிலின் விலை என்ன? உங்களிற் பலருக்கு 20 ரூபா என்ற விடை வந்திருக்கும். பென்சில் 20 என்றால் கொப்பி 220, இரண்டும் சேர்ந்து 240 அன்றோ? சரியான விடை 10 ரூபா. கொப்பி 210, பென்சில் 10. இவ்வகைக் கணக்கை ஷேன் பிரடெரிக் என்பவர் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில் வேறு பொருள்களை வைத்துக் கேட்டார். பெயர்பெற்ற அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களிலும் பலர் தவறினார்கள். கணக்குத் தெரியாமையாலன்று. முதலில் வந்த விடையைச் சோதிக்கவில்லை. கிடைத்த விடையைத் திரும்ப வினாவுக்குள் வைத்துப் பார்க்க ஐந்து செக்கன் செல்லும். அந்த ஐந்து செக்கனைச் செலவிட மனம் இல்லாதவன் ஒரு முழுப் புள்ளியைச் செலவிடுகிறான்.

மூன்றாவது, உண்மையையும் நியாயத்தையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம். "எல்லாப் பூமரங்களும் நீரால் வளர்வன. செவ்வரத்தை நீரால் வளர்வது. ஆகவே செவ்வரத்தை ஒரு பூமரம்." இம்முடிவு பொருந்துமா? செவ்வரத்தை பூமரம் என்பது உண்மைதான். ஆனால் தரப்பட்ட இரு கூற்றுக்களிலிருந்து அது பெறப்படவில்லை. செவ்வரத்தையை எடுத்துவிட்டு நெல்லை வைத்துப் பாருங்கள். நெல்லும் நீரால் வளர்வதே. அதனால் நெல் பூமரம் ஆகிவிடுமா? சந்தேகம் வந்தபோதெல்லாம் இவ்வாறு வேறொரு பொருளை அவ்விடத்தில் வைத்துப் பார்ப்பது மிகக் குறுகிய வழி.

இது நமக்குப் புதிய வித்தையன்று. சிவஞான சித்தியார் பதி பசு பாசங்களை ஆராயப் புகுமுன் அளவையைக் கூறித் தொடங்குகின்றது. புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பது தருக்க நூலாரின் பழைய உதாரணம். இதிலிருந்து, நெருப்பு இல்லாத இடத்தில் புகை இல்லை என்று முடிவு கொள்ளலாம். ஆனால் நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை உண்டு என்று கொள்ளலாகாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பிலே நெருப்புண்டு, புகையில்லை. இந்த ஒரு உதாரணத்தை உள்ளத்தில் பதித்தவன், "ஆயின்", "எனவே" என்று வரும் வினாக்களிற் பெரும்பகுதியை அஞ்சாமற் செய்வான். சைவ சமயம் கற்ற பிள்ளைக்கு நுண்ணறிவு வினாத்தாள் அந்நியமானதென்று எவரும் எண்ண வேண்டாம்.

இனி விரையவேண்டிய இடங்களைப் பார்ப்போம். எண் தொடர் ஒன்றைக் கண்டால் உற்று நோக்கிக்கொண்டிருப்பது வீண். ஒழுங்காகச் சில சோதனைகளை ஓட்டிப் பார்க்கவேண்டும். முதலில் அடுத்தடுத்த எண்களின் வித்தியாசம், பின்பு பெருக்கம், பின்பு ஒன்றுவிட்ட எண்கள், பின்பு வர்க்கங்கள். 3, 4, 7, 11, 18, 29 என்ற தொடரின் வித்தியாசங்கள் 1, 3, 4, 7, 11. வித்தியாசங்களிலே தொடர்தானே திரும்பி வருகின்றது! அப்படியாயின் முன்னிரண்டு எண்களின் கூட்டே அடுத்த எண். விடை 47. சோதனைகளின் ஒழுங்கு பழகிவிட்டால் மனம் தடுமாறாது.

அவ்வாறே 37ஐ 43ஆற் பெருக்கவேண்டின் நீண்ட பெருக்கல் வேண்டியதில்லை. இரண்டும் 40இலிருந்து மூன்று மூன்று விலகியவை. ஆகவே 1600இலிருந்து 9ஐக் கழிக்க 1591. தரப்பட்ட விடைகளுள் ஒன்று மட்டும் 1இல் முடியுமாயின் அதுவும் வேண்டாம். 7ஐயும் 3ஐயும் பெருக்க 21, ஈற்றிலக்கம் 1, அவ்வளவே. பல்தேர்வு வினாவிலே விடை நம் கண்முன் இருக்கின்றது. அதை உண்டாக்குவதைவிடப் பொருந்தாதவற்றை விலக்குவது பல வேளைகளில் எளிது.

நேரத்தைப் பற்றிச் சில சொற்கள். 60 வினாக்களுக்கு 60 நிமிடங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வினாவுக்கும் ஒரே புள்ளி. கடினமான வினாவுக்குப் பரீட்சகர் கூடுதலாக எதையும் தருவதில்லை. அப்படியிருக்க ஒரு வினாவோடு ஐந்து நிமிடம் மல்லுக்கட்டுகிறவன் ஒரு புள்ளிக்காக நாலு புள்ளியை இழக்கிறான். நான் கைக்கொள்ளும் முறை இது: முதற் சுற்று 40 நிமிடம். ஒன்றரை நிமிடத்துக்குள் வழி தெரியாத வினாவுக்குப் பக்கத்தில் ஒரு வட்டமிட்டு, விடைத்தாளிலும் அந்த வரிசையில் மெல்லிய புள்ளியொன்று வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். இரண்டாம் சுற்று 15 நிமிடம், வட்டமிட்டவற்றுக்காக. கடைசி ஐந்து நிமிடம் விடைத்தாளுக்கு. பத்து வினாவுக்கு ஒருமுறை வினா இலக்கமும் வரிசை இலக்கமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வேன். இந்தப் பழக்கத்துக்கு நான் கொடுத்த விலையை முன்னரே சொன்னேன்.

தெரியாத வினாவை ஊகித்து விடையளிக்கலாமா என்று கேட்கிறார்கள். முதலில் அறிவுறுத்தலை வாசித்து, பிழைக்குப் புள்ளி கழிப்பார்களா என்று பாருங்கள். கழிக்காவிட்டால் ஒன்றையும் வெறுமையாக விடலாகாது. ஐந்து விடைகளுள் ஒன்றைத் தெரிந்து, பிழைக்குக் கால் புள்ளி கழிக்கும் முறையாயின், கண்மூடித்தனமான ஊகத்தால் நீண்டகாலத்தில் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆனால் இரண்டு விடைகளையாவது நியாயத்தோடு விலக்கிவிட்டால் ஊகம் இலாபமே. அமெரிக்காவின் எஸ்.ஏ.ரி. பரீட்சையில் நெடுங்காலம் இருந்த இந்தக் கால் புள்ளிக் கழிவை 2016இல் நீக்கிவிட்டார்கள்.

"முதலில் எழுதிய விடையை மாற்றாதே" என்ற புத்திமதியும் நம்மிடையே உண்டு. அது முழுவதும் சரியன்று. ஜஸ்ரின் குரூகரும் அவருடைய தோழரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட மாணவர்களின் விடைத்தாள்களில் அழித்து மாற்றிய இடங்களை எண்ணினார்கள். மாற்றியவற்றிற் பாதியளவு பிழையிலிருந்து சரிக்குச் சென்றிருந்தன. சரியிலிருந்து பிழைக்குச் சென்றவை கால்வாசியே. ஆயினும் மாற்றிக் கெட்டதை நாம் மறப்பதில்லை, மாற்றி நன்மை பெற்றதை நினைப்பதில்லை. நியாயம் கண்டால் மாற்றுங்கள். பயத்தினால் மாற்றாதீர்கள்.

பயிற்சி எப்படி இருக்கவேண்டும்? கடந்தகால வினாத்தாளை எடுத்து முதல் நாளே மணிக்கூட்டை முன்வைத்து ஓடுவது தவறு. பிழையோடு விரைந்து பழகினால் பிழையே விரைவாக வரும். இருபது வினாக்களை நேரக்கட்டுப்பாடின்றிச் செய்யுங்கள். பதினெட்டாவது சரியாக வந்த பின்னர் 30 நிமிடம் என்று வையுங்கள். பிறகு 25, பிறகு 20. திருத்தம் குறைந்தால் ஒரு படி பின்னே வாருங்கள். திருத்தம் முன்னே செல்ல, வேகம் அதன் பின்னே வரட்டும்.

அத்தோடு ஒரு பிழைக் கொப்பி வைத்திருங்கள். ஒவ்வொரு பிழைக்கும் எதிரே காரணத்தை எழுதுங்கள்: தெரியாமை, வாசிப்புப் பிழை, அவசரம், குறிக்கும் பிழை என்ற நாலில் எது? என் கொப்பியில் பாதிக்கு மேற்பட்டவை தெரியாமையால் வந்தவையல்ல என்று கண்டபோது எனக்கு வெட்கமும் வந்தது, ஆறுதலும் வந்தது. தெரியாமைக்கு மருந்து படிப்பு. மற்ற மூன்றுக்கும் மருந்து பழக்கம். ஒன்றின் மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்தால் நோய் தீராது.

விளக்கத்தை மீண்டும் மீண்டும் வாசிப்பதைவிடப் புத்தகத்தை மூடிவிட்டுத் தானாகச் செய்து பார்ப்பதே நிலைக்கும். றோடிகர், கார்ப்பிக்கே என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மீட்டு வாசித்தவர்களைவிடத் தம்மைத் தாமே சோதித்தவர்கள் ஒரு வாரத்தின் பின் கூடுதலாக நினைவு வைத்திருந்தமை தெரிந்தது. ஆகவே நேற்றுப் பிழைத்த வினாவை இன்று விடை பாராமற் செய்யுங்கள். ஒரு வாரத்தின் பின் மறுபடி செய்யுங்கள். பரீட்சைக்கு முதல்நாள் இரவு கண்விழிக்காதீர்கள். தூக்கமில்லாதவன் "முடியாதது" என்ற சொல்லைக் காணமாட்டான்.

நான் கற்ற மிஷன் பாடசாலையில் முதிய ஆசிரியர் ஒருவர் இருந்தார். வினாத்தாளைக் கொடுத்ததும் ஒரு நிமிடம் பேனையைத் தொட விடமாட்டார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு மூச்சை அமைதிப்படுத்திய பின்னரே தொடங்கச் சொல்வார். அவர் அதைச் செபம் என்றார். வீட்டில் அப்பாச்சி அதையே தியானம் என்றார். பெயர் எதுவாயினும் அந்த ஒரு நிமிடம் வீண்போனதாக எனக்கு நினைவில்லை.

முடிக்குமுன் பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். இப்பரீட்சைகளின் பிறப்பை ஒருகால் எண்ணிப் பாருங்கள். 1905இல் பிரான்சிலே அல்பிரட் பினே, சைமன் என்ற இருவர் முதன்முதலாக நுண்ணறிவு அளவுகோலை அமைத்தது, பள்ளியில் மேலதிக உதவி வேண்டிய பிள்ளைகளைக் கண்டறிவதற்கு. அறிவு பிறப்போடு முடிந்த அளவு என்ற எண்ணத்தைப் பினே 1909இல் எழுதிய நூலில் மறுத்தார். பின்பு முதலாம் உலக யுத்தத்தில் அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ 17 இலட்சம் பேரை இவ்வகைச் சோதனைக்கு உட்படுத்தினர். அதைக் கொண்டு இனங்களின் அறிவுக்கு ஏற்றத்தாழ்வு கற்பித்து 1923இல் நூலெழுதினார் கார்ல் பிரிகாம். 1926இல் எஸ்.ஏ.ரி. பரீட்சையை உருவாக்கியவரும் அவரே. ஆனால் 1930இல் தம் முந்திய முடிவு ஆதாரமற்றதென்று அவரே ஒப்புக்கொண்டார். அளவுகோலைச் செய்தவனே, "இது இவ்வளவைத்தான் அளக்கும்" என்று கூறிவிட்டான். நாம் இன்னும் கூறவில்லை.

தரப்படுத்தல் என்ற சொல்லே இந்நாட்டுத் தமிழர் செவியில் 1970களின் ஆரம்பத்திலிருந்து கசக்கும் சொல். புள்ளிகளை ஒரு மொழிக்காரருக்கு ஒருவிதமாகவும் இன்னொரு மொழிக்காரருக்கு இன்னொரு விதமாகவும் நிறுத்தபோது நம் முன்னோர் பட்ட வேதனையை நீங்கள் எங்களிலும் நன்கு அறிவீர்கள். ஓர் எண் ஒரு வாழ்வை அடைத்துவிடக் கூடாது என்று அன்று குரல் கொடுத்தவர்கள், இன்று ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலில் ஒரு புள்ளி குறைந்த பத்து வயதுப் பிள்ளையைப் பார்த்து "மொக்கு" என்று சொல்லலாமா? அந்தப் பிள்ளை ஒரு வரிசையை மாறிக் குறித்திருக்கலாம். அல்லது "அல்லாதது" என்ற சொல்லைக் காணாமல் விட்டிருக்கலாம். பழக்கினால் திருந்தும் பிழையைப் பிறவிக் குறையென்று பெயரிட்டால், அப்பிள்ளை பின்பு பயிற்சியே செய்யாது. அதுதான் உண்மையான இழப்பு.

சகோதரர்களே, பேசிவிட்டுப் போவதற்காக நான் இங்கு வரவில்லை. இந்த மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்த பின் இரண்டு மணி நேரம் கதவு திறந்திருக்கட்டும். ஒரு மணிக்கூடு, சில வினாத்தாள்கள், ஆளுக்கொரு பிழைக் கொப்பி, இவ்வளவே வேண்டும். உயர்தரம் எழுதியவர்கள் சிறியோரின் பக்கத்தில் இருந்து, விடையைச் சொல்லாமல், எங்கே நின்றிருக்கவேண்டும் என்று மட்டும் காட்டிக்கொடுப்போம். வருகிற ஞாயிறு முதல் நான் வருவேன். என்னோடு இன்னும் நால்வர் வந்தாற் போதும்.

நிறுத்தாமல் எழுதவேண்டும், ஆனால் உணராமல் எழுதலாகாது. பிள்ளையாருக்கும் வியாசருக்கும் இடையில் இருந்த அந்த உடன்படிக்கை நமக்கும் நம் வினாத்தாளுக்கும் இடையில் இருப்பதாக.